காது இல்லை என்று யாருக்கும் சொல்லாதீர்கள்

பதிவு நீளம்தான். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இப்போது நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 47 வயதில் வயலின் கற்கப் போவதாக ஒருத்தி எழுதினாள். உடனே என் கொழுந்தனார், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? சங்கீதத்துக்குக் காது வேணும்மா. அது சின்ன வயசிலேயே திறந்திருக்கணும்" என்று போட்டார். அதற்குப் பதினொரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். அதில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள். கொழுந்தனாரோடு நான் வீட்டிலேயே பேசிக்கொள்வேன். அந்த நாலு பேருக்கும், அவர்களைப் போல் நினைக்கிற மற்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

"காது வேண்டும்" என்கிறோமே, எந்தக் காது? இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, எந்த ஒலியைக் கேட்டாலும், பக்கத்தில் ஒப்பிட வேறு ஒலி இல்லாமலே, இது இன்ன ஸ்தாயி, இன்ன கட்டை என்று பெயர் சொல்லும் திறமை. சிலருக்குத்தான் அது இருக்கும். சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்கியவர்களிடம்தான் பெரும்பாலும் காணப்படுகிறது, வளர்ந்தபின் வருவது அபூர்வம். ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, ஒரு ஷட்ஜத்தைக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து மற்ற ஸ்வரங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று உணர்வது. இதைத்தான் நாம் சுருதி ஞானம் என்கிறோம்.

நம் கர்நாடக சங்கீதம் கேட்பது இரண்டாவதைத்தான். ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார், பெண் பாடகி ஐந்து கட்டையில் பாடுவார். அவரவர் குரலுக்கு எங்கே சௌகரியமோ அங்கே ஸ வைத்துக்கொள்ளலாம். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு ஸ என்பது நம்மிடம் கிடையவே கிடையாது. ஆக, எந்தத் திறமைக்குக் குழந்தைப் பருவம் தேவையோ, அந்தத் திறமையை நம் சங்கீதம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காத பொருள் நம்மிடம் இல்லை என்று சொல்லி அம்பது வயதுக்காரர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். இது என்ன நியாயம்?

வளர்ந்தவர்களின் காது புதிதாக எதையும் கற்காது என்பவர்கள் டாக்டரிடம் போவதை நிறுத்திவிட வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இதய ஒலியில் ஒரு சின்ன முனகலைப் பிரித்தறிய யாரும் ஐந்து வயதில் கற்றுக்கொள்ளவில்லை. பதினெட்டு வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதலில் ஒன்றுமே புரியாமல் கேட்டு, நூற்றுக்கணக்கான நெஞ்சில் வைத்துக் கேட்ட பிறகுதான் அந்தக் காது வருகிறது. அந்தக் காலத்துத் தந்தி அலுவலகத்தில், மோர்ஸ் கருவியின் கட்டுக்கட கட்டுக்கட சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நேராக வார்த்தைகளை எழுதினார்களே, அவர்கள் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றவர்கள். நம் ஓ.எம்.ஆர். ஓரத்து மெக்கானிக், வண்டியை நிறுத்தும் முன்பே, "செயின் லூஸு டீச்சர்" என்கிறார். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற உங்கள் அம்மாவை யாராவது "பிறவி ஞானம்" என்று புகழ்ந்ததுண்டா?

சரி, வாத்தியத்துக்கு வருகிறேன். வீணையை எடுத்துக்கொள்கிறேன், நான் அறுபதில் கற்கத் தொடங்கிய வாத்தியம் அது என்பதால்.

வீணையில் பஞ்சமத் தந்தியை ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டினால் வருகிற ஸ்வரமும், சாரணித் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருகிற ஸ்வரமும் ஒரே ஷட்ஜம். இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். சுருதி சேரவில்லை என்றால் ஒலி நேராக நிற்காது, அலை அலையாக ஏறி இறங்கும். ஒரு தந்தி வினாடிக்கு 165 முறையும் மற்றது 168 முறையும் அதிர்ந்தால், வினாடிக்கு 3 அலை. பிரடையைத் திருகத் திருக அலை மெதுவாகும். சேர்ந்தவுடன் அலை மறைந்து ஒலி ஒரே கோடாக நிற்கும். இது பௌதிகம். சரஸ்வதி கடாட்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலை அலைதான். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சில நாட்களில் பிடிபட்டுவிடுகிறது. காட்டிக் கொடுக்காமலே "உங்களுக்குச் சுருதி சேரலை" என்று சொல்வது, எழுத்தைக் காட்டாமலே "உனக்குப் படிக்க வரலை" என்று சொல்வதற்குச் சமம்.

நாற்பது வருஷம் கச்சேரி கேட்டவர்களுக்குக் கூட இந்த அலை ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. கையில் பிரடையைப் பிடித்துத் திருகும்போதுதான், "இன்னும் கொஞ்சமா, போதுமா?" என்று கை காதைக் கேட்கிறது. பதில் சொல்லியாக வேண்டிய நிலைமை வந்ததும் காது கவனிக்க ஆரம்பிக்கிறது. சமையல் தெரியாதவர்களும் சாப்பிடுகிறார்கள். ஆனால் உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்பது கரண்டி பிடித்த நாக்குக்குத்தான் தெரியும். அதனால்தான் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதை விட ஒரு வாத்தியத்தைக் கையில் எடுங்கள் என்று எல்லோரிடமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது முக்கியமான இடம். இதை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள்.

பெரியவர்களில் பலர் வாத்தியத்தை விடுவது முதல் வாரத்தில் அல்ல. ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் விடுகிறார்கள். நம் சிறுசேரி, நாவலூர், ஏகாட்டூர் குடியிருப்புகளில் எத்தனை வீட்டு அலமாரி மேல் வயலின் பெட்டி தூங்குகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன், கை விரல் போதவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "ஆரம்பத்துல நல்லாத்தான் வாசிச்சேன் டீச்சர். போகப் போக மோசமாயிடுச்சு. கேட்கவே சகிக்கல."

அட ராசாக்களா! மோசமாகவில்லை. முதல் மாதமும் அப்படித்தான் இருந்தது. அப்போது உங்களுக்குக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறது. கை ஓரளவு முன்னேறியிருக்கிறது, காது அதைவிட வேகமாக முன்னேறிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் உங்களை வருத்துகிறது. காது விழித்த அன்றைக்கே காது இல்லை என்று தீர்ப்பெழுதி வாத்தியத்தை மூட்டை கட்டி வைக்கிறீர்கள்.

முப்பத்து நாலு வருஷம் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். "வாயப்பயம்" என்று சொல்லும் பிள்ளை, தான் "வாழைப்பழம்" என்றுதான் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கும். நாம் திருத்தினால், "அதான டீச்சர் சொன்னேன்" என்று முறைக்கும். ஒரு நாள் திடீரென்று அதற்கு வித்தியாசம் கேட்டுவிடும். அன்றிலிருந்து நாலைந்து நாள் அந்தச் சொல்லையே சொல்லாது, வாயை மூடிக்கொள்ளும். அனுபவம் இல்லாத ஆசிரியர் பிள்ளை பின்தங்குகிறது என்று நினைப்பார். அனுபவம் உள்ளவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார், ழ வரப்போகிறது என்று. அதற்குப் பிறகு ஒரு வாரமோ இரண்டு வாரமோ, நாக்கு காதைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும். குழந்தைக்கு நாம் கொடுத்த அந்த இரண்டு வாரப் பொறுமையை, 45 வயது ஆளுக்கு இரண்டு மாதமாகக் கொடுக்கக் கூடாதா? அவரே அவருக்குக் கொடுத்துக்கொள்ளக் கூடாதா?

"பிறவி ஞானம்" என்ற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி. ரத்தத்திலேயே சங்கீதம் என்பார்கள். ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, வீட்டைப் பற்றிச் சொல்லலாம். ஜார்ஜ் டவுனில் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் தனம்மாள் வாசிப்பார், வித்வான்கள் வந்து மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பிள்ளைகள் தொட்டிலில் இருந்தே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதுக்குள் அவர்கள் கேட்டு முடித்த மணி நேரம் எத்தனை ஆயிரம்! நமக்குப் பிறவியிலேயே கிடைக்காதது அந்த வீடு. கேட்ட நேரம் குறைந்தவரைப் பார்த்துக் காதே இல்லை என்பது, புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளையை மக்கு என்று சொல்வது போல. அப்படிச் சொன்ன ஆசிரியர்களோடு ஓய்வறையில் நான் போட்ட சண்டைகள் என் பழைய சக ஆசிரியைகளுக்குத் தெரியும்.

அது மட்டுமல்ல, நீங்கள் வெறுங்கையோடும் வரவில்லை. தமிழ்நாட்டில் நாற்பது வயதுவரை வாழ்ந்தவர் யாருக்கும் வெற்றுக் காது கிடையாது. கல்யாண வீட்டு நாயனம், மார்கழி ஒலிபெருக்கி, திருப்போரூர் கந்தசாமி கோயில் திருவிழா, பஸ்ஸில் போட்ட பாட்டு எல்லாம் உள்ளே கிடக்கிறது. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாயனம் வாசித்த அந்தப் பாட்டை நினைவிலிருந்து முணுமுணுக்கத் தெரிந்தவருக்கு ஆபேரியின் வளைவு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'கவிக்குயில்' (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடியதை முணுமுணுப்பவருக்கு ரீதிகௌளை இருக்கிறது. பெயர்தான் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. வாத்தியம் கற்கும்போது, உள்ளே கிடந்த இந்த மூட்டை ஒவ்வொன்றாக அவிழ்கிறது. சமையல் செய்துகொண்டிருக்கும்போது ரேடியோவில் ஒரு வரி ஓடும், "இது நேற்று வாசித்த ரி அல்லவா!" என்று கரண்டி நின்றுவிடும். அந்தச் சந்தோஷத்தைப் பெரியவர்கள்தான் அனுபவிக்க முடியும்.

ஆரம்பப் பாடம் ஏன் மாயாமாளவகௌளையில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? புரந்தரதாசர் வகுத்த வழி என்று மரபாகச் சொல்வார்கள். வீணையில் பார்த்தால் காரணம் கண்ணிலேயே தெரியும். ஸவுக்கு அடுத்த மெட்டே ரி. அங்கிருந்து க மூன்று மெட்டு தள்ளி. அடுத்த மெட்டே ம. ஒட்டி ஒன்று, எட்டி ஒன்று, மறுபடி ஒட்டி ஒன்று. ப த நி ஸ என்று மேலே போனாலும் அதே அமைப்பு. வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பாடம் இது. அ, ஆ சொல்லிக் கொடுக்கும்போது நாம் பெரிய எழுத்தில் எழுதுவோமே, அந்த மாதிரி. காதுக்காகச் செய்யப்பட்ட பாடத்தை, "பெரியவங்களுக்கு சரளி வரிசை எல்லாம் போரடிக்கும்" என்று தாண்டவைக்கிறார்கள் சில வகுப்புகளில். கீபோர்டு கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டி, "30 நாளில் 10 பாட்டு". இந்தப் பக்கத்து வகுப்பு ஒன்றில் என் காதுபடவே சொன்னார்கள், "பெரியவங்களுக்கு என்னங்க, கொலுவுக்கு நாலு பாட்டு வந்தா போதும்." காசு வாங்கிக்கொண்டு கண்ணுக்குப் பாடம் நடத்துகிறார்கள். காது பட்டினி கிடக்கிறது.

நொட்டேஷன் தாளும் அப்படித்தான். தோடியிலும் கரஹரப்ரியாவிலும் இருப்பது ஒரே சாதாரண காந்தாரம். தாளில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, க. ஆனால் தோடியின் க ஓரிடத்தில் நிற்காது, ரிக்கும் மவுக்கும் நடுவே ஊசலாடும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு இழுப்பது? மெட்டு சொல்லாது, தாள் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். கற்பவருக்கு முதலில் அது வெறும் நடுக்கமாகக் கேட்கும். பல மாதங்கள் கழித்து நடுக்கம் மறைந்து ஒரு பாதை கேட்கும், இங்கே கிளம்பி அங்கே தொட்டு இங்கே திரும்புகிறது என்று. எனக்கு அது இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் கேட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

என் ஐ.டி. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. போனில் ட்யூனர் ஆப் வைத்துக்கொண்டு பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் தப்பு என்று வாசிக்கிறீர்கள். தம்பூரா ஆப் வையுங்கள், தாராளமாக. தம்பூரா கேள்வி கேட்கும். ட்யூனர் விடையை எழுதிக் காட்டும். விடைத்தாளைப் பார்த்து எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே நான் பலமுறை விளக்கியிருக்கிறேன், சிலருக்குப் பெஞ்சு மேல் நிற்கவைத்து. முதலில் காதால் சேருங்கள், கடைசியில் ஒரு தடவை ட்யூனரைப் பாருங்கள். வரிசை மாறக்கூடாது. வீணைக்காரர்களுக்கு இன்னொரு கதை இருக்கிறது: மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, நம் ஊர் சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகரும். மேளம் கட்டுபவர் வந்து சரிசெய்யும் வரை, எந்த மெட்டு பொய் சொல்கிறது என்று காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்பில் வயது 12 முதல் 25 வரை என்று இருக்கும். மூன்று வருஷச் சான்றிதழ்ப் படிப்பு, இளைஞர்களுக்குப் பிழைப்புக்கு வழி காட்டுவது, உதவித்தொகையும் உண்டு. அந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. ஆனால் அதே கட்டிடத்தில், அதே ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து, மாலை ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கென்று கட்டண வகுப்பு ஒன்று மாவட்டந்தோறும் நடத்தினால் என்ன குடி முழுகிவிடும்? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அறிவொளி இயக்கம் நடத்திக் காட்டிய மாநிலம் இது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பாட்டிமார்கள் எழுத்தும் கற்றார்கள், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். அப்போதும் "ஐம்பதில் வளையுமா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

நம் இனத்துப் பெரியவர் ஒருவரைச் சொல்கிறேன். ஆசிரியர் இனம் என்கிறேன், வேறு அர்த்தம் எடுக்காதீர்கள். ஆபிரகாம் பண்டிதர், 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சாவூரில் பள்ளி வேலை பார்த்து, பிறகு சித்த மருத்துவத்துக்குப் போனவர். இளமையில் பிடில் கற்றவர்தான், மறுக்கவில்லை. ஆனால் சுருதிகளின் நுணுக்கத்துக்குள் அவர் முழுமூச்சாக இறங்கி வித்வான்களைக் கூட்டியது எப்போது? தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கியது 1912இல், ஐம்பது வயதைக் கடந்தபின். சுருதி 22 அல்ல, 24 என்று 1916இல் பரோடா மாநாட்டில் வாதாடினார். 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது 1917இல். அவர் கணக்கு சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை உண்டு, அது வேறு. ஐம்பதுக்கு மேல் காது மங்கும் என்றால், ஒரு ஸ்தாயிக்குள் இத்தனை நுணுக்கமான இடங்களைப் பற்றி அந்த வயதில் ஊரையே கூட்டி யார் வாதாடுவார்?

இளையராஜா கிராமத்திலிருந்து பாட்டோடு சென்னைக்கு வந்து, இருபது வயதுக்கு மேல்தான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுத்திலிருந்து கற்றார். கர்நாடக சங்கீதத்தை டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றதும் அதற்குப் பிறகுதான். "அவரும் நாங்களும் ஒண்ணா டீச்சர்?" என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. அவ்வளவு பெரிய மேதையே வளர்ந்தபின் மாணவராக உட்கார வேண்டியிருந்தது என்றுதான் சொல்கிறேன்.

விஞ்ஞானம் கேட்பவர்களுக்கு: 2004இல் ஜெர்மனியில் பெரியவர்கள் சிலரை மூன்று பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகவைத்து மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிட்ட பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. பழக்கத்தை விட்டதும் குறைந்தது. 2008இல் அறுபது வயதுக்காரர்களிடமும் பார்த்தார்கள், இளைஞர்கள் அளவுக்குத் திறமை வரவில்லை, ஆனால் மாற்றம் இருந்தது. இது பந்து வித்தை, சங்கீதம் அல்ல. வயதான மூளை கல்லாகிவிட்டது என்பது பொய் என்று காட்ட இது போதும். வயதானால் காதே மந்தமாகிவிடுமே என்றால், முதலில் குறைவது மிக உயர்ந்த அதிர்வெண்கள். வீணையின் ஸ்வரங்கள் பெரும்பாலும் சில நூறு அதிர்வுகளுக்குள் இருப்பவை, அவை அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. எனக்கு டி.வி. சத்தம் அதிகம் வேண்டியிருக்கிறது என்று கேலி செய்யும் பேரன்களும் இதைப் படிக்கட்டும்.

வேகம் வராது, அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் காலத்தில் வர்ணம் வாசிக்க இருபது வயது விரல் வேண்டும். விரல் நுனி காய்த்துப் போகும், முட்டி வலிக்கும், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். மியூசிக் அகாடமி மேடை நமக்குக் கிடைக்காது. யார் கேட்டார்கள் அந்த மேடையை?

வேலையைப் பார்ப்போம். சிறுசேரி, படூர், கேளம்பாக்கம், தாழம்பூர் பக்கம் இருக்கிறவர்கள், தாம்பரத்திலிருந்து வரத் தயாராக இருக்கிறவர்களும், அலமாரி மேல் என்ன வாத்தியம் கிடக்கிறது, எத்தனை மாதம் கற்றீர்கள், எந்த மாதத்தில் விட்டீர்கள் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். ஆறாவது மாதம் என்று எத்தனை பேர் எழுதுகிறீர்கள் என்று பார்க்கத்தான் போகிறேன். தந்தி மாற்ற, மேளம் கட்ட ஆள் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், தருகிறேன். கட்டைவிரல் காட்டிய அந்த நாலு பேரும் கட்டாயம் எழுத வேண்டும். பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது.